கேட்டு வரைவதா, பில்லைப் பார்த்து வரைவதா: டாக்டர்களின் தொடர்பு வலைக்கு எந்தத் தரவு?

டாக்டர்களுக்குள் யார் யாரோடு தொழில்ரீதியாகத் தொடர்பில் இருக்கிறார்கள் என்று வலைப்பின்னல் பகுப்பாய்வு செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த மென்பொருள் நல்லது என்றுதான். கெஃபியா, ஆர் மொழியின் ஐகிராஃபா, பைதானின் நெட்வொர்க்எக்ஸா? எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஒரே கோப்பைக் கொடுத்து ஒரே அளவை ஒரே அமைப்பில் கேட்டால் மூன்றும் ஒரே எண்ணைத்தான் தரும். தலையெழுத்து தீர்மானமாவது அதற்கு முன்னால், அந்தக் கோப்பில் இரண்டு டாக்டர்களுக்கு நடுவே ஒரு கோடு போடுகிறோமே, அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்ற இடத்தில். "இவர் அவரிடம் யோசனை கேட்பார்" என்பது ஒரு கோடு. "இவருடைய நோயாளி அவரிடமும் போயிருக்கிறார்" என்பது வேறு கோடு. இரண்டையும் படமாக வரைந்தால் பார்க்க ஒன்று போலவே இருக்கும், அதனால்தான் ஆபத்து.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஒரே ஆஸ்பத்திரியின் ஓராண்டு சிகிச்சைப் பதிவுகளை வைத்து, ஒரே நோயாளியைப் பார்த்த டாக்டர்களையெல்லாம் கோடு போட்டு இணைத்து, யார் மையத்தில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். முதல் பத்து இடங்களில் ஏழு பேர் மயக்க மருந்து கொடுப்பவர்களும் ஸ்கேன் படிப்பவர்களும். கணக்கில் தப்பு எதுவும் இல்லை, அறுவைக்குப் போகும் எல்லோரும் மயக்க மருத்துவர் கையைத் தொட்டுத்தானே போகிறார்கள். ஆனால் கேட்ட கேள்வி "புதிய சிகிச்சை முறையை யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்" என்பது. அந்தக் கேள்விக்கு அந்தப் படத்தில் பதிலே இல்லை. (இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் இந்தத் துறைகளை முதலிலேயே எடுத்துவிடுவார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.)

சரி, வழிகள் என்னென்ன? நடைமுறையில் மூன்று. டாக்டர்களையே கேட்பது, காப்பீட்டுப் பில்களில் தெரியும் நோயாளிப் பகிர்வை வைத்து ஊகிப்பது, கணினி அமைப்புகளில் அவர்கள் விட்டுப்போன தடங்களைப் பொறுக்குவது. நான்காவதாக, சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை வைத்து வரைகிறவர்களும் உண்டு. செலவில்லாத வழி, ஆனால் கட்டுரை எழுதும் டாக்டர்கள் மட்டும்தான் அதில் வருவார்கள், நாள் முழுக்க நோயாளி பார்க்கும் பெரும்பான்மை அதில் கிடையாது. ஆராய்ச்சிக் கூட்டணிகளைப் பற்றிய ஆய்வு என்றால் மட்டும் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கேட்பதில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையே அங்கேதான் ஆரம்பித்தது. 1950-களின் நடுவில் கோல்மன், காட்ஸ், மென்செல் என்ற மூன்று சமூகவியலாளர்கள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நான்கு ஊர்களின் டாக்டர்களிடம் போய், தொடர்புகளைப் பற்றி மூன்று விஷயம் கேட்டார்கள்: யோசனை வேண்டுமென்றால் யாரிடம் போவீர்கள், உங்கள் கேஸ்களைப் பற்றி யாரோடு பேசுவீர்கள், நண்பர்கள் யார். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அப்போது புதிதாக வந்திருந்தது. அதை எந்த டாக்டர் எப்போது எழுத ஆரம்பித்தார் என்பதை மட்டும் அவர்கள் டாக்டர்களிடம் கேட்கவில்லை. மருந்துக்கடைகளில் இருந்த மருந்துச் சீட்டுகளைப் புரட்டி எடுத்தார்கள். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. உறவைப் பற்றி மனிதனைக் கேள், நடத்தையைப் பற்றிச் சீட்டைக் கேள். சக டாக்டர்களோடு நிறையத் தொடர்பில் இருந்தவர்கள் மருந்தைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டார்கள், தனித்து இருந்தவர்கள் தாமதித்தார்கள் என்று முடிவு வந்தது, 1966-ல் புத்தகமாகவும் வந்தது. பல பத்தாண்டுகள் இதுவே பாடப்புத்தக உதாரணம்.

அப்புறம் 2001-ல் வான் டென் புல்ட்டே, லிலியன் என்ற இரண்டு சந்தையியல் ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி எடுத்து, மருந்துக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் செய்த விளம்பரத்தின் அளவையும் கணக்கில் சேர்த்தார்கள். டாக்டரிடமிருந்து டாக்டருக்குப் "பரவியது" என்று நினைத்த விளைவு காணாமல் போய்விட்டது. கேட்டு வரைந்த அந்தக் கோடுகள் பொய்யில்லை. அந்தக் கோடுகளின் வழியாகத்தான் மருந்து பரவியது என்ற தாவல்தான் நிற்கவில்லை. எந்தத் தரவை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பள்ளம் இருக்கிறது, கீழே மறுபடி வருவேன்.

கேட்பதன் பலம் வெளிப்படை. வராந்தாவில் நிறுத்தி "இந்த ஈசிஜியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்பது எந்தப் பில்லிலும் வராது, எந்தக் கணினியிலும் பதிவாகாது. கேட்டால் மட்டும்தான் வரும். மருத்துவத்தில் பாதி முடிவுகள் அப்படிப்பட்ட இரண்டு நிமிடப் பேச்சில்தான் திரும்புகின்றன என்று டாக்டர்களே சொல்வார்கள். பாதியா கால்வாசியா என்பது இருக்கட்டும், சின்ன விஷயமில்லை. கேள்வியைக் கூர்மையாக்கவும் முடியும்: பொதுவாக யாரை மதிக்கிறீர்கள் என்று கேட்காமல், இந்த ஒரு நோயைப் பற்றி யாரிடம் கேட்பீர்கள் என்று கேட்கலாம். சர்க்கரை நோய்க்கு ஒருவர், பெண்கள் சார்ந்த பிரச்சினைகளுக்கு இன்னொருவர் என்று பெயர்கள் மாறும். பில் தரவில் இந்தப் பிரிவினையைக் கொண்டுவருவது படாத பாடு.

பலவீனம் எங்கே என்றால், பதில் சொல்லாதவர்கள். சாதாரணக் கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு அறுபது பேர் பதில் சொன்னால் சந்தோஷப்படலாம், மிச்ச நாற்பதைப் புள்ளியியல் கொண்டு ஓரளவு ஈடுகட்டலாம். வலைப்பின்னலில் அந்த நாற்பது வேறு மாதிரி கடிக்கும். நமக்கு வேண்டியது ஆட்கள் அல்ல, ஜோடிகள். 60 சதவீதம் பேர் பதில் சொன்னால், இரண்டு பேரும் பதில் சொன்ன ஜோடிகள் 36 சதவீதம்தான். இரண்டு பேருமே வாய் திறக்காத ஜோடிகள் 16 சதவீதம், அங்கே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நடுவில் இருக்கும் 48 சதவீதத்தில் ஒரு பக்கக் கதை மட்டும். இதிலும் ஒரு ஆறுதல் உண்டு: எத்தனை பேர் இவர் பெயரைச் சொன்னார்கள் என்ற எண்ணிக்கை ஆட்கள் விடுபட்டாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அது மற்றவர்கள் சொன்னதிலிருந்து வருவது. பலருக்கு நடுவே பாலமாக இருப்பவர் யார் என்பதை அளக்கும் இடைமையம் அப்படியல்ல. ஒரே ஒரு ஆள் விடுபட்டால்கூடப் பாலம் இடம் மாறிவிடலாம். ஆகவே பாதிப் பேர் மட்டும் பதில் சொன்ன சர்வேயை வைத்துக்கொண்டு "இவர்தான் பாலம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இன்னொரு சிக்கல் கேள்வித்தாளின் வடிவத்தில். மூன்று பெயர் எழுதுங்கள் என்று கேட்டால் எல்லோரும் மூன்று பெயர்தான் எழுதுவார்கள், அப்புறம் "இங்கே ஒவ்வொரு டாக்டரும் சராசரியாக மூன்று பேரிடம் கேட்கிறார்" என்று கண்டுபிடிப்பு மாதிரி எழுதினால் சிரிப்பார்கள். முழுப் பட்டியலைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னால் ஞாபகமறதி குறையும். ஆனால் முந்நூறு பெயர் கொண்ட பட்டியலை எந்த டாக்டர் கடைசிவரை படிப்பார்? முதல் இரண்டு பக்கத்தில் இருப்பவர்கள் பிரபலமாகிவிடுவார்கள். அப்புறம் மரியாதைக்காகத் துறைத்தலைவர் பெயரை எழுதும் பழக்கம் இருக்கிறதே, அது எல்லா இடத்திலும் உண்டு.

இரண்டாவது வழி, நோயாளிப் பகிர்வு. காப்பீட்டு கிளெய்ம்களில், அதாவது சிகிச்சைப் பணம் கேட்டுக் காப்பீட்டுக்கு அனுப்பும் பில்களில், எந்த நோயாளியை எந்த டாக்டர் எந்தத் தேதியில் பார்த்தார் என்று இருக்கும். இரண்டு டாக்டர்கள் ஒரே நோயாளியைப் பார்த்திருந்தால் ஒரு கோடு, பத்து நோயாளிகளைப் பார்த்திருந்தால் தடித்த கோடு. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம், பதில் சொல்லாதவர் என்று யாரும் கிடையாது, அளவோ மலைக்க வைக்கும். 2012-ல் லாண்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் மெடிகேர் என்ற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டின் தரவிலிருந்து 51 வட்டாரங்கள், 68,288 டாக்டர்கள், 45 லட்சத்துக்கும் மேலான நோயாளிகள். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு இத்தனை பேரிடம் போக எந்த ஆயுளும் போதாது. 2009-ல் வந்த இன்னொரு ஆய்வு, மெடிகேர் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு சராசரி முதல்நிலை மருத்துவர், 117 கிளினிக்குகளில் இருக்கும் 229 வேறு டாக்டர்களோடு ஒருங்கிணைந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று காட்டியது. இந்த எண்ணை எந்த டாக்டரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கே தெரியாது. கேட்டு வரைந்தால் கிடைக்காத உண்மையும் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

ஆனால் ஒரே நோயாளியைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் அறிவார்களா? இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 2011-ல் பார்னெட்டும் கூட்டாளிகளும் ஒரு மருத்துவ அமைப்பின் டாக்டர்களிடம் சர்வே எடுத்து, அதை மெடிகேர் தரவோடு ஒப்பிட்டார்கள். பகிர்ந்துகொண்ட நோயாளிகளின் எண்ணிக்கை கூடக் கூட, "ஆமாம், எங்களுக்குள் தொழில் உறவு உண்டு" என்று சொல்லும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போனது. எட்டு ஒன்பது நோயாளிகள் என்ற அளவில் ஐந்தில் நான்கு ஜோடிகள் உண்மையான உறவு. ஒன்றிரண்டு நோயாளிகள் என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது, ஆனால் அந்த எட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் பொருத்தக் கூடாது. ஒரே மனநல மருத்துவர் இருக்கும் இடத்தில் எல்லோரும் அவரோடுதான் எட்டு நோயாளிகளைப் பகிர்வார்கள், அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்காவிட்டாலும்.

கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நோயாளி-டாக்டர் என்ற இருவகைப் பட்டியலை டாக்டர்-டாக்டர் என்று சுருக்கும்போது, பத்து டாக்டர்களைப் பார்த்த ஒரே ஒரு நோயாளி 45 கோடுகளை உருவாக்கிவிடுவார். இருபது டாக்டர்கள் என்றால் 190. தீவிர சிகிச்சையில் நாலு வாரம் கிடந்த ஒருவர் மொத்தப் படத்தையும் கருமையாக்கிவிட முடியும், அந்த அடர்த்தியைப் பார்த்துவிட்டு "இங்கே டாக்டர்கள் நெருக்கமாக ஒத்துழைக்கிறார்கள்" என்று முடிவு கட்டினால் அது அந்த நோயாளியின் கஷ்டத்தை ஒத்துழைப்பு என்று மொழிபெயர்த்ததாகும். இதற்கு வழிகள் உண்டு: ஒவ்வொரு நோயாளியின் பங்கையும் அவர் பார்த்த டாக்டர்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்வது, குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே இருக்கும் கோடுகளை வெட்டுவது, அல்லது ஒவ்வொரு டாக்டருக்கும் வலுவான ஐந்தில் ஒரு பங்கு கோடுகளை மட்டும் வைத்துக்கொள்வது. எதைச் செய்தாலும் இரண்டு மூன்று விதமாக வெட்டிப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று காட்டுங்கள். ஒரே வெட்டில் வந்த படத்தை நான் நம்புவதில்லை, என்னுடையதாக இருந்தாலும்.

கிளெய்ம் தரவுக்கு வெளியே விழுகிறவர்கள் யார் என்றும் யோசிக்க வேண்டும். மெடிகேர் முக்கியமாக 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதை மட்டும் வைத்து வரைந்தால் குழந்தை மருத்துவரும் பிரசவம் பார்ப்பவரும் கிட்டத்தட்ட மறைந்துவிடுவார்கள். கைக்காசு கொடுத்துப் பார்க்கும் சிகிச்சை பதிவாகாது. பயிற்சி டாக்டர்கள் செய்த வேலை மேலே இருப்பவர் பெயரில் பில்லாகும். இரவு முழுக்க விழித்திருந்தவர் படத்தில் இல்லை, காலையில் கையெழுத்துப் போட்டவர் நடுநாயகம். பொதுவில் வெளியிடப்பட்ட மெடிகேர் பகிர்வுத் தரவில் 11-க்குக் குறைவான நோயாளிகள் உள்ள ஜோடிகளை அந்தரங்கம் காக்க நீக்கிவிட்டிருந்தார்கள், அது நியாயம்தான், ஆனால் நோயாளிகள் குறைவாக வரும் சிற்றூர் டாக்டர்களின் தொடர்புகள்தான் அதில் அதிகம் அடிபடும்.

மூன்றாவது, தடங்கள். மின்னணு மருத்துவப் பதிவில் யார் எந்த நோயாளியின் கோப்பை எத்தனை மணிக்குத் திறந்தார் என்று ஒரு லாக் இருக்கும். அமெரிக்காவில் நோயாளித் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் விதிகளே இப்படிக் கண்காணிக்கும் வசதி வேண்டும் என்கின்றன. உள்ளே அனுப்பிக்கொள்ளும் செய்திகள், நோயாளியை இன்னொரு டாக்டரிடம் அனுப்பும் ரெஃபரல் ஆணைகள் எல்லாம் இந்த வகை. நிமிட அளவுக்கு நுணுக்கம் கிடைக்கும், நர்ஸ்களும் மருந்தாளுநர்களும் தெரிவார்கள். ஒரு வார்டுக்குள் வேலை எப்படிக் கைமாறுகிறது, ஷிஃப்ட் மாறும்போது எங்கே தகவல் அறுந்துபோகிறது என்று பார்க்க இதற்கு இணை எதுவும் இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் சுவருக்குள் மட்டும்தான். அதோடு, உண்மையான பேச்சு டாக்டர்களின் சொந்தப் போன்களில் நடந்துகொண்டிருக்கும்போது, லாக்கில் இருப்பது பேச்சுக்குப் பிறகு வந்த கிளிக்குகள் மட்டும். ரெஃபரல் ஆணைக்குத் திசை உண்டு, அது நல்ல விஷயம். யார் அனுப்பினார், யாருக்கு அனுப்பினார் என்று தெளிவாக இருக்கும். ஆனால் நம்பிக்கையால் அனுப்பினாரா, காப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருந்ததால் அனுப்பினாரா என்று ஆணை சொல்லாது.

இப்போது எதை எடுப்பது? எது ஒசத்தி என்று பட்டியல் போட மாட்டேன், ஒரே கேள்விதான் கேட்பேன்: உங்கள் கோட்டின் வழியே எது ஓடுகிறது?

யோசனையும் மதிப்பும் ஓடுகிறது என்றால் கேட்டே ஆக வேண்டும். புதிய வழிகாட்டுதலை யார் மூலம் பரப்புவது என்று தேடுகிறீர்கள் என்று வையுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் லோமஸ் குழு 1991-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல முன்மாதிரி. 16 சமூக ஆஸ்பத்திரிகள். முன்பு சிசேரியன் ஆன பெண்களுக்கு அடுத்த முறை இயல்பான பிரசவத்துக்கு வாய்ப்புக் கொடுப்பதை அதிகரிக்க வேண்டும். யாரிடம் கற்றுக்கொள்வீர்கள் என்று டாக்டர்களையே கேட்டுக் கண்டுபிடித்த உள்ளூர்ச் செல்வாக்காளர்கள் மூலம் போனபோது நடைமுறை மாறியது. பதிவுகளைத் தணிக்கை செய்து அறிக்கை அனுப்பிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றும் பெரிதாக நகரவில்லை. பில் தரவில் அதிக நோயாளிகளைப் பகிர்ந்தவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தால் இது நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான், என் மயக்க மருத்துவர் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நோயாளியும் பொறுப்பும் ஓடுகிறது என்றால் பகிர்வுத் தரவு போதும், கேட்டால்தான் கெடும். சிகிச்சை எத்தனை கைகளில் சிதறுகிறது, ஒரு வட்டாரத்தின் டாக்டர்கள் இயல்பாக எந்தெந்தக் குழுக்களாகப் பிரிகிறார்கள், ஆண்டுதோறும் அது எப்படி மாறுகிறது, இதெல்லாம் டாக்டர்களின் மனதில் இல்லாத விஷயங்கள். காலம் சேர்ந்தால் கிளெய்ம் இன்னும் வலுவாகும். சர்வே என்பது ஒரு நாள் எடுத்த போட்டோ, இரண்டாவது முறை எடுக்கப் போனால் பாதிப் பேர் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரே மாதிரி ஆட்கள் சேர்ந்துகொள்கிறார்களா, சேர்ந்ததால் ஒரே மாதிரி ஆகிறார்களா என்ற பழைய குழப்பத்தை ஒற்றைப் போட்டோவை வைத்துப் பிரிக்கவே முடியாது. பல ஆண்டுத் தரவு இருந்தாலும் கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முன்பின் வரிசையாவது கிடைக்கும். டெட்ராசைக்ளின் கதையில் விளம்பரம் செய்த வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டாக்டர்கள் ஒரே நேரத்தில் ஒரே மருந்துக்கு மாறினால், இருவரையும் ஒரே விற்பனைப் பிரதிநிதி பார்த்திருக்கலாம்.

கையில் கொஞ்சம் பணமும் ஆறு மாதமும் இருந்தால் நான் இரண்டையும் சேர்த்துத்தான் செய்வேன், வரிசை மட்டும் முக்கியம். முதலில் பகிர்வுத் தரவை வைத்து எல்லையைப் போடுவேன், யார் உள்ளே யார் வெளியே என்று. வலைப்பின்னல் ஆய்வில் இந்த எல்லை போடுவதே பெரிய தலைவலி, நிர்வாகம் கொடுக்கும் ஊழியர் பட்டியலை விடப் பகிர்வுத் தரவு இதை ஒழுங்காகச் செய்யும். அப்புறம் அந்த எல்லைக்குள் ஒவ்வொரு டாக்டருக்கும் தனித்தனியாக ஒரு சின்னப் பட்டியல்: அவரோடு அதிக நோயாளிகளைப் பகிர்ந்த இருபது பேர், அதோடு வேறு யாராவது இருந்தால் எழுத நாலைந்து காலி வரிகள். முந்நூறு பெயர் இருபதாகிவிட்டது, பதில் சொல்பவர்கள் கூடுவார்கள். காலி வரிகளில் வரும் பெயர்களைத் தனியாகப் பாருங்கள். நோயாளியே பகிராமல் யோசனை மட்டும் பகிரும் உறவுகள் அங்கேதான் இருக்கும், எனக்கு எப்போதும் சுவாரசியமானவை அவைதான்.

இன்னொன்று, இது தேர்வையே மாற்றக்கூடியது. சர்வேயில் பெயர் மறைக்க முடியாது. பெயர் இல்லாமல் வலை இல்லை. பதில் சொல்பவர் சம்மதம் கொடுத்திருப்பார், அவர் எழுதிய பெயருக்குரியவர் கொடுத்திருக்க மாட்டார். குறியீடு கொடுத்தாலும், ஒரே ஒரு இதய அறுவை நிபுணர் இருக்கும் ஊரில் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். பில் தரவிலும் இது உண்டு, ஆனால் கோபம் வேறு விதம். ஆஸ்பத்திரிக் குழுமங்கள் இதே ரெஃபரல் வலையை வைத்து, தங்கள் நோயாளிகளை வெளியே அனுப்பும் டாக்டர் யார் என்று பார்க்கின்றன, அதற்குக் "கசிவு" என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளுக்கும் செல்வாக்காளர் பட்டியல் என்றால் இனிக்கும். ஆகவே ஆட்களின் மதிப்பெண் யார் கைக்குப் போகும் என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்கவில்லை என்றால், குழு அளவிலான எண்களோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வாக மாற்றிவிடுங்கள், அதற்குப் பகிர்வுத் தரவே போதும்.

கேட்பது என்று முடிவு செய்துவிட்டால் கேள்வியின் வாசகத்தில் நேரம் செலவழியுங்கள். "யாரோடு தொழில் உறவு வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்துக்கொண்டு எழுதுவார்கள். "கடந்த மூன்று மாதத்தில் ஒரு நோயாளிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது யாரைக் கூப்பிட்டீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து டாக்டர்களிடம் முதலில் வாய்மொழியாகவே கேளுங்கள். அவர்கள் யோசிக்காமல் உடனே பெயர் சொன்னால் கேள்வி சரி. "கூப்பிடுவது என்றால், போனிலா நேரிலா?" என்று திருப்பிக் கேட்டால் இன்னொரு முறை உட்கார்ந்து எழுத வேண்டியதுதான்.